பதிவேட்டிலிருந்து பெரட்டுக்களம் வரை: மலையகத்தில் காலநிலை மாற்றத்துக்கு ஒரு சுகாதாரப் பிரிவு தயாராகும் முறை

காலநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்குகளில் பனிமலைகளும் கடல்மட்டமும் பேசப்படுகின்றன. இலங்கை மலையகத்தின் பசறையிலோ பொகவந்தலாவையிலோ இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அதே மாற்றம் வேறு உருவங்களில் வந்து சேர்கிறது. வீதி இடிந்து விழுந்ததால் கிளினிக்குக்கு வர முடியாத நிறைமாதக் கர்ப்பிணி, மூன்று நாள் மழைக்குப் பிறகு பீலியில் (ஊற்றுநீர் விழும் குழாயில்) வரும் சேற்றுத் தண்ணீர், டெங்கு ஏறி வராது என்று நம்பியிருந்த உயரத்திலிருந்து வரும் நோய் அறிவித்தல் அட்டை.

இந்த வழிகாட்டி அந்தப் பணிமனையில் வேலை செய்பவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய தோட்ட மக்களுக்கும் எழுதப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உதவியாளர், நலன்புரி உத்தியோகத்தர், பிள்ளை மடுவப் (குழந்தைகள் காப்பகப்) பொறுப்பாளர், தோட்டத் தலைவர், பாடசாலை அதிபர், கோயில் நிர்வாக சபை, இளைஞர் கழகம் என்று எல்லோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு.

உலகில் இதற்கான சட்டகங்களுக்குக் குறைவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் உள்ளூர் சுகாதாரத் திணைக்களங்களுக்காக ஐந்து படிகளை வகுத்தன: எந்தப் பாதிப்பு வரும், யாருக்கு வரும் என்று முன்கூட்டிப் பார்ப்பது, அதனால் கூடும் நோய்ச்சுமையை மதிப்பிடுவது, எந்த நடவடிக்கை பலன் தரும் என்று தெரிவது, திட்டம் எழுதி நடைமுறைப்படுத்துவது, பலனை அளந்து திருத்துவது. உலக சுகாதார நிறுவனமும் 2015இல் பத்துக் கூறுகள் கொண்ட ஒரு சட்டகத்தை வெளியிட்டது. இலங்கையின் 2016–2025 தேசிய இசைவாக்கத் திட்டத்திலும் சுகாதாரத்துக்கு இடம் உண்டு. இவற்றைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் மலையகத்தில் வேலையைத் தொடங்க இவை எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இந்த அமைப்பின் பலம் வீடு வீடாகப் போய் எழுதிய பதிவேடுகளில்தான் இருக்கிறது. இன்று நாட்டில் 350க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அலுமாரியிலும் தேவையான விபரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கிடக்கிறது. மழைக்கு முன் அதை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் கைக்குச் சேர்ப்பதே தயாரிப்பு.

முதலாம் படி: டிவிசனை அலகாக எடுங்கள், ஆட்களைக் கூட்டுங்கள்

மாவட்டத் திட்டம் மாவட்டச் செயலகத்துக்கு உதவும். ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் மழை கொட்டும்போது கீழ்ப்பிரிவில் வெயில் அடிக்கும் ஊர் இது. எனவே திட்டத்தின் அலகு தோட்டத்தின் ஒரு டிவிசனாக இருக்கட்டும். கிராமங்களில் கிராம உத்தியோகத்தர் பிரிவை எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் சுகாதாரத்துக்கு இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள். நீண்ட காலமாகத் தோட்ட நிர்வாகமே வைத்திய வசதியைக் கவனித்தது. அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது படிப்படியாகத்தான், அதுவும் எல்லா இடத்திலும் முழுமையாக அல்ல. குடும்பநல உத்தியோகத்தர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை செய்கிறார்; வைத்திய உதவியாளர் பல இடங்களில் துரைமாரின் (தோட்ட முகாமையாளர்களின்) கீழ் வேலை செய்கிறார். லயத்தின் கூரையும் கானும் (வடிகாலும்) நிர்வாகத்துக்குச் சேர்ந்தவை. பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட 2018இன் சட்டத் திருத்தம் வரை தடை இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு உடைந்த கானுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போவது எளிது.

ஆகவே முதல் கூட்டத்தில் மூவர் கட்டாயம் இருக்க வேண்டும்: செலவுக்குக் கையெழுத்து வைக்கக்கூடிய தோட்ட அதிகாரி ஒருவர், பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி அல்லது அவருடைய எழுத்துமூல அதிகாரம் பெற்றவர். இவர்களில் ஒருவர் வராவிட்டாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். தேநீர் குடித்துக் கலைவதற்காக ஒன்றுகூட வேண்டாம். பெண்கள் இல்லாத கூட்டமும் பயன்படாது. எந்தக் காம்பராவில் (லயத்தின் அறை வீட்டில்) படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்பது கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரியும், தலைவர்மாருக்குப் பெரும்பாலும் தெரியாது.

இரண்டாம் படி: உங்கள் மலைக்கு ஒரு நாட்காட்டி எழுதுங்கள்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மேற்குச் சரிவுகளான ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனை ஆகியவை மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் நனைகின்றன. அந்த மாதங்களில் ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் மழை தரும்போது மேற்குப் பக்கம் உலர்கிறது, நுவரெலியாவில் உறைபனி விழுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் எல்லோருக்கும் பொதுவான அபாய காலம். பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு 2014 ஒக்டோபர் 29இல் நடந்தது. டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் வந்தது.

இந்த ஒழுங்கு இப்போது குலைகிறது. காற்று சூடாகும்போது அது தாங்கும் நீராவி கூடுகிறது; பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது, நடுவில் வறண்ட நாட்கள் நீள்கின்றன. உங்கள் டிவிசனில் இது எப்படி இருக்கிறது என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் தினசரி மழை அளவை எழுதிவைக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த மழைப் பதிவேட்டை ஒரு பிற்பகலுக்கு இரவல் வாங்குங்கள். சுகாதாரப் பணிமனையிலிருந்து அதே பத்து ஆண்டுகளின் வாராந்தத் தொற்றுநோய் அறிக்கைகளை எடுங்கள். இரண்டையும் ஒரு நீளமான தாளில் வாரவாரியாக ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டியது இடைவெளியை. எலிக்காய்ச்சல் மழைக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தலைகாட்டும். டெங்கு பல வாரங்கள் தாமதித்துக் கூடும். அசுத்த நீரால் பரவும் ஏ வகைக் கல்லீரல் அழற்சி, அதாவது தோட்டத்தில் மஞ்சட் காமாலை என்று சொல்வது, உடலுக்குள் கிருமி போனபின் வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் எடுக்கும். மண்சரிவு முகாமை மூடி, எல்லோரும் வீடு திரும்பி, அதிகாரிகள் அறிக்கையை அனுப்பி முடித்த பிறகே காமாலை வரும் என்பது இதன் பொருள். முகாமில் நோய் பரவவில்லை என்று அவசரப்பட்டு எழுதியவர்கள் பிறகு விழிக்க நேரிடும். நாட்காட்டியில் முகாம் மூடிய நாளிலிருந்து ஏழு வாரங்களுக்குக் காமாலைக் கண்காணிப்பு என்று சிவப்பு மையால் எழுதிவையுங்கள்.

கண்காணிப்பின் அடிப்படை ஒரு அட்டை. தொற்றுநோய் என்று சந்தேகித்தவுடன் வைத்தியர் நிரப்பி அனுப்பும் எச் 544 அட்டை கிடைத்ததும் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார். தோட்ட டிஸ்பென்சரிகளில் நோயாளி மருந்து வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுவார், அட்டை எழுதப்படுவதில்லை. வைத்திய உதவியாளர் வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், வயிற்றோட்டம், காமாலை ஆகிய மூன்றின் எண்ணிக்கையை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அதுவே இல்லாத நிலையைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: லயம் லயமாக ஒரு பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிப் பதிவேடும் பிள்ளைகளின் வளர்ச்சிப் பதிவும் இருக்கின்றன. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைப் பட்டியல் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. இந்த நான்கும் ஒருபோதும் ஒரே மேசையில் சந்திப்பதில்லை. சந்திக்க வைத்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

லயம் 7, காம்பரா 3. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர், இரண்டாம் பிரசவம், முதலாவது சத்திரசிகிச்சை. மாமியார், இன்சுலின் போடுபவர், படி இறங்க முடியாது. பிள்ளைகள் இருவர். கணவர் கொழும்பில் கடையில் வேலை. பின்பக்க மண்மேடு காம்பராச் சுவரிலிருந்து ஐந்து அடி. தூக்கிச் செல்ல இருவர் தேவை: காம்பரா 5, காம்பரா 9.

கடைசி வாக்கியம்தான் பட்டியலின் உயிர். பெயர்களை மட்டும் எழுதி வைத்திருக்கும் பட்டியல் மழை இரவில் யாரையும் தூக்காது. யார், யாரை, எந்த வழியாக என்று எழுதி, தூக்க வேண்டியவர்களிடம் நேரில் சொல்லி, அவர்கள் சரி என்று தலையசைத்த பிறகே அந்த வரியை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

பழைய தோட்டக் கணக்குப்படி குடும்பத்தை எண்ணினால் பிழையாகிவிடும். பெயர் பதிந்த தொழிலாளி இன்று காம்பராவில் இல்லாமல் இருக்கலாம். இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட, பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கும் காம்பராக்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவற்றின் எதிரே ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். ஓய்வுபெற்றவர்கள், தோட்டத்தில் பெயர் இல்லாமல் உறவினரோடு தங்கியிருப்பவர்கள், கான் ஓரத்தில் தனிக்குடிசை போட்டிருப்பவர்கள் ஆகியோரும் பட்டியலில் வர வேண்டும்.

நோய் விபரம் தனிப்பட்டது. அதை வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. நோயின் பெயர் உள்ள முழுப்பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்திய உதவியாளரிடமும் இருக்கட்டும். லயத்துப் பொறுப்பாளரிடம் இருக்கும் பிரதியில் 'தூக்க வேண்டும்', 'மருந்துப் பை எடுக்க வேண்டும்' என்ற அளவு போதும். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் இட்டுத் தைத்துவிடுங்கள். கணினியில் மட்டும் இருக்கும் பட்டியல் மின்சாரத்தோடு போய்விடும்.

நான்காம் படி: எச்சரிக்கையை வாசற்படிக்குக் கொண்டுவாருங்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால் சிவப்பு: வெளியேற வேண்டும்.

இந்த அறிவிப்பு கொழும்பிலிருந்து புறப்பட்டு லயத்துக்கு வரும் பாதையில் எங்கே அறுகிறது என்று பாருங்கள். முதலில் மொழி. அறிவிப்பு சிங்களத்தில் உடனே வந்து தமிழில் பிந்தி வருவதும், வரும் தமிழ் படிப்பவருக்குப் புரியாத அகராதித் தமிழாக இருப்பதும் மலையகத்தின் பழைய முறைப்பாடு. மூன்று நிலைகளுக்கும் உங்கள் டிவிசன் மக்கள் பேசும் தமிழில் மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, எந்த வாக்கியம் என்று மட்டும் சொன்னால் போதும். அடுத்தது தொலைபேசி. டித்வா வந்தபோது வீதிகளும் மின்சாரமும் கோபுரங்களும் ஒன்றாக விழுந்தன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் சுவசெரிய அம்புலன்சின் 1990 இலக்கமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதே நேரம், அவை கிடைக்காத இரவுக்கும் ஒரு வழி வேண்டும்.

அந்த வழி ஒரு போத்தல். நேரான சுவருடைய ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனலாக உள்ளே சொருகுங்கள். அடிப்பாகத்தின் வளைவு மறையும் வரை சிறு கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர்மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150 மில்லிமீற்றரில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடாக்களை ஒட்டுங்கள். கூரைத் தாழ்வாரம், மரநிழல், சுவர் எதுவும் அருகில் இல்லாத வெளியில் ஒரு கம்பில் நேராகக் கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் அளவைப் பார்த்து எழுதி, பூச்சியம் வரை கொட்டிவிட வேண்டும். மழை வலுத்தால் மணிக்கு ஒருமுறை. இரவில் யார் டோர்ச் லைட்டோடு போய்ப் பார்ப்பது என்று முறை வையுங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். மழைமானியைப் பாடசாலை வளவிலேயே வைத்து அதிபரின் பொறுப்பில் விட்டால் நிலைத்து நிற்கும்.

போத்தல் சொல்லாததை மண் சொல்லும். சுவரிலும் முற்றத்திலும் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் கம்பமும், இறுகிப்போய்த் திறக்காத கதவு, இல்லாத இடத்தில் திடீர் ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோவது அல்லது கலங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாடா எந்த நிறத்தில் இருந்தாலும் வெளியேற வேண்டும். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் லயத்துப் பொறுப்பாளருக்கு உண்டு என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துரையைக் கேட்க வேண்டும், தலைவரைக் கேட்க வேண்டும் என்று காத்திருப்பதில் நேரம் போய்விடும்.

மீரியபெத்தை மக்களுக்கு 2014க்கு முன்பே ஆபத்து பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள், எங்கே போவது என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. மாட்டையும் ஆட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் வேலை நாளையும் விட்டு, திரும்பி வரும்போது காம்பரா தனக்கே இருக்குமா என்ற சந்தேகத்தோடு ஒரு குடும்பம் எழும்பிப் போகாது. மக்கள் கேட்பதில்லை என்று குறைப்படும் அதிகாரிகள், வெளியேறிய நாளுக்கு அரை நாள் சம்பளமாவது உண்டா என்று நிர்வாகத்திடம் முதலில் கேட்டு எழுதி வாங்கட்டும்.

காலைச் செய்திக்கு ஆயத்தமான மேடை ஒன்று தோட்டத்தில் உண்டு. அதுதான் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களம். மஞ்சள் நிலையை அங்கே கணக்கப்பிள்ளை வேலை பிரிக்கும்போதே அறிவிக்க வேண்டும், சரிவான மலைகளுக்கு அன்று ஆள் அனுப்பக்கூடாது. இரவுக்குக் கோயில் மணியையோ ஒலிபெருக்கியையோ வைத்துக்கொள்ளுங்கள். பூசை மணியோடு குழம்பாதபடி ஒரு அடிமுறையைப் பழக்குங்கள்.

ஐந்தாம் படி: பீலியிலிருந்து வாய்வரை

தோட்டத்துக் குடிநீர் பெரும்பாலும் மேலேயுள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய் வழியே வருகிறது. ஊற்றுக்கு மேலே யாருடைய மரக்கறித் தோட்டம், யாருடைய மாட்டுக் கொட்டில், எந்த லயத்தின் மலசலகூடம் இருக்கிறது என்று ஒருமுறை மூலம் வரை ஏறிப் போய்ப் பாருங்கள். மேசையில் இருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஊற்றைச் சுற்றி வேலி, அதற்கு மேலே மழைநீரைத் திசைதிருப்பும் ஒரு கான், மூடியுள்ள தாங்கி ஆகிய மூன்றையும் வறண்ட மாதங்களில் செய்து முடிக்க வேண்டும்.

கனமழையின் முதல் சேற்று நீர் தாங்கிக்குள் போகாதபடி வாயிலை அடைப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது. சேறு அதைத் தின்றுவிடும். முதலில் தெளிய விட்டு, துணியில் வடித்து, பிறகே மருந்திட வேண்டும். கணக்கு இது: 30 சதவீத குளோரின் உள்ள வெளிற்றும் தூளில் ஏறக்குறைய 7 கிராம், 1,000 லீற்றர் நீருக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரினைத் தரும். தூளை ஒரு வாளி நீரில் கரைத்து, அடி மண்டியை விட்டுத் தெளிந்த நீரை மட்டும் தாங்கியில் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பரிசோதகரின் ஒப்பீட்டுக் கருவியில் அப்போது எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் தெரிய வேண்டும். கடைசிக் குழாயில் 0.2க்குக் குறையக்கூடாது. தராசு எல்லா லயத்திலும் கிடையாது. ஆகவே ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த அளவு கொள்ளும் ஒரு போத்தல் மூடியை அடையாளமிட்டு அதையே பாவியுங்கள். திறந்து வைத்த தூள் சில மாதங்களில் வலுவிழக்கும். பழைய மூட்டையை நம்ப வேண்டாம்.

குளோரின் வாசனை பிடிக்கவில்லை என்று மக்கள் பீலிக்கே திரும்புவார்கள். அது இயல்பு. அவர்களோடு வாதாடுவதைவிடக் கொதித்தாறிய நீரைப் பழக்குவது எளிது. விறகு இருக்கும்வரை, அதாவது. தொடர்மழையில் விறகு நனைந்துவிடும் என்பதால் நல்ல நாட்களிலேயே இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) ஓர் ஓரத்தில் உலர்விறகு சேர்த்துவைப்பதையும் சுகாதாரத் தயாரிப்பில் ஒன்றாக எழுதுங்கள். வீட்டுக்கு இரண்டு பக்கெட் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) இருக்கட்டும். ஒரு பக்கெட்டைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக்கூடாது.

ஆறாம் படி: நுளம்பும் எலியும்

2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரத்துக்குக் குளிர் ஒரு காவலாக இருந்தது. வெப்பம் கூடக்கூட அந்தக் காவல் தளரும். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு அந்தக் காவல் இருந்ததே இல்லை.

லயத்தில் நுளம்பைத் தேட வேண்டிய முதல் இடம் கூரை. உக்கிப்போன தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பழைய டயர்களை ஏற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு டயரின் உட்குழியிலும் மழைநீர் நிற்கும். பரிசோதகர் வந்து அபராதச் சீட்டு எழுதலாம். டயரை இறக்கினால் அன்றிரவே தகரம் பறந்துவிடும் என்பதால் சீட்டுக்குப் பிறகும் டயர் அங்கேதான் இருக்கும். டயரில் நான்கைந்து இடத்தில் துளையிடுங்கள், அல்லது மண் நிரப்பிய உரப்பையைப் பதிலாக வையுங்கள். நிர்வாகத்திடம் புதிய தகரம் கேட்கும் கடிதத்தில் டெங்குவையும் ஒரு காரணமாக எழுதுங்கள்.

டெங்கு மழையோடு மட்டும் வருவதில்லை. வறட்சியில் பீலி மெலிந்ததும் நீல பீப்பாய்களில் தண்ணீர் சேமிக்கத் தொடங்குகிறோம். மூடி இல்லாத பீப்பாயில் முட்டை நுளம்பாகப் பத்து நாட்கள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை உலர்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலிநிவாரணி கொடுக்கக்கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எலிக்காய்ச்சல் கான் வெட்டுபவர்களுக்கும் சேற்றில் மீட்புவேலை செய்பவர்களுக்கும் வயலில் இறங்குபவர்களுக்கும் வரும். சேற்றில் இறங்குவதற்கு முன் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் கேளுங்கள். இலவசமாகத் தருவார்கள், வாரத்துக்கு ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல. மண்சரிவு நடந்த இடத்துக்கு மண்வெட்டியோடு ஓடி வரும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மீட்புக்குழுப் பட்டியலை முன்கூட்டியே பரிசோதகரிடம் கொடுத்துவிட்டால் அவர் மாத்திரையோடு வருவார்.

ஏழாம் படி: தங்குமிடத்தை வெயில் நாளில் பாருங்கள்

பாடசாலையோ கோயில் மண்டபமோ தெரிவுசெய்யும் முன், அந்தக் கட்டடமே மண்மேட்டின் அடியில் இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உறுதிப்படுத்துங்கள். பிறகு அளவுநாடாவை எடுங்கள். ஒருவருக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீற்றர் இடம், நாளுக்கு 15 லீற்றர் நீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது சர்வதேச மனிதாபிமான அளவுகோல். நம் தோட்டப் பாடசாலைகளை அளந்தால் கணக்கு உதைக்கும். அப்படியானால் இரண்டாவது இடம் ஒன்றையும் இப்போதே பேசிவையுங்கள்.

பெண்கள் இரவில் மலசலகூடம் போகும் வழியில் விளக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள், பாலூட்ட ஒரு மறைவிடம், மாதவிடாய்த் துணி கழுவி உலர்த்த இடம் ஆகியவற்றைப் பெண் உத்தியோகத்தர் ஒருவரே சரிபார்க்க வேண்டும். மலைக்குளிரில் ஈரத்தோடு சிமெந்துத் தரையில் படுக்கும் பிள்ளைக்கும் முதியவருக்கும் நியூமோனியா வரும். பாய்க்கு முன் தரைக்குப் படங்கு வேண்டும். நன்கொடையாக வரும் பால்மாவையும் போத்தலையும் கைக்குழந்தைகளுக்கு விநியோகிக்க விடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முகாம் தண்ணீரில் கரைத்த மாவு ஆபத்து.

மருந்து விடயத்தில் மூன்று ஏற்பாடுகள். பருவமழைக்கு முந்திய கிளினிக்கில் நீண்டகால நோயாளிகளுக்கு இரண்டு வார மருந்து கூடுதலாகக் கொடுப்பது. கிளினிக் கொப்பி, கர்ப்பிணியின் அட்டை, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கதவருகே தொங்கவிடுவது. மின்சாரம் இல்லாதபோது இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்துப் பாதுகாக்கப் பழகுவது.

பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்களைச் செம்மஞ்சள் நிலையிலேயே, வீதி திறந்திருக்கும்போதே, ஆதார வைத்தியசாலைக்கு அருகில் கொண்டுபோய்விட வேண்டும். எந்த வண்டி, யார் கூடப் போவது, வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்று ஏழாம் மாதத்திலேயே குடும்பநல உத்தியோகத்தர் கேட்டு எழுத வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பல தாய்மார் கடைசி நிமிடம் வரை நகர மறுக்கிறார்கள்.

உயிர்தப்பியவர்களின் மனநிலை முகாமிலேயே முடிந்துவிடாது. மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்பவர்களைக் குடும்பநல உத்தியோகத்தர் குறித்துக்கொண்டு மனநல கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இழப்பை மறக்கக் குடிப்பது கூடும். அடி வாங்குவது பெண்களும் பிள்ளைகளும்.

எட்டாம் படி: வெயிலும் வறட்சியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மலையகத்தில் வெப்பம் சமவெளிபோல் கொல்வதில்லை; ஆனால் நண்பகல் வெயிலில் கூடையோடு ஏறி இறங்குபவர்கள், மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் அதன் விளைவு. தண்ணீர் குடியுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் மலையில் மறைவிடத்துக்கு ஒரு வழி செய்யுங்கள். வறண்ட மாதங்களில் கொழுந்து குறைந்து வேலை நாள் குறையும்போது சாப்பாடும் குறைகிறது. பிள்ளை மடுவத்தில் மாதாமாதம் எடை பார்ப்பதை அப்போது விட்டுவிடக்கூடாது.

ஒன்பதாம் படி: ஒத்திகை, பிறகு திருத்தம்

ஒக்டோபருக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை நடத்துங்கள். மணி அடித்ததிலிருந்து கடைசிக் காம்பராவின் முதியவர் தங்குமிடத்துக்கு வரும்வரை நேரத்தை எழுதுங்கள். ஒரு தடவையாவது இருட்டியபின் செய்து பாருங்கள். பகலில் எளிதாக இருந்த படிக்கட்டு இரவில் எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்தால் அடுத்த வருடமும் வருவார்கள்.

பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கர்ப்பிணி தாயாகியிருப்பார், தூக்க ஒப்புக்கொண்ட இளைஞர் வேலைக்குப் போயிருப்பார். குடும்பநல உத்தியோகத்தரின் மாதாந்தக் களச்சுற்றிலேயே இதைச் சேர்த்துக்கொண்டால் தனி வேலையாக இருக்காது.

பருவம் முடிந்ததும் கூடி, எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, யார் விடுபட்டார்கள், எந்தப் பொருள் தீர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் குறிப்பை வைத்து இரண்டு கடிதங்கள் தயாரியுங்கள். ஒன்று தோட்ட முகாமையாளருக்கு: எந்த லயத்தின் கூரை, எந்தக் கான், எத்தனை அடி தடுப்புச்சுவர். மற்றது பிரதேச சபைத் தவிசாளருக்கு. சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவு ஆண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டியது என்பதால் செப்டெம்பருக்குள் கடிதம் அவர் கையில் இருக்கட்டும். பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்ட முத்திரையோடு உங்கள் பிரதியைப் பட்டியலோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேராகப் பொதுமக்கள் தினத்தில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.